அசோக் லேலண்ட் வண்டிகளுக்கு ஏன் காட்டு விலங்குகளின் பெயர்?

கேள்வி: சீட்டா, டஸ்கர், ஹிப்போ, காமெட்... இந்தப் பெயர்களெல்லாம் எங்கிருந்து வந்தன? முகப்பில் இருக்கும் வட்டச் சின்னத்துக்கு என்ன அர்த்தம்?

பஸ் பைத்தியம் பிடித்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். சின்ன வயதில் டிரைவருக்குப் பக்கத்தில் பானட் மேல் உட்கார்ந்து வரத்தான் அடம் பிடிப்பேன். எங்கள் ஊரில் அதை "லைலாண்டு வண்டி" என்பார்கள். லைலாண்டு யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். அது இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஓர் ஊர். 1896-இல் அங்கே நீராவி வண்டி செய்யத் தொடங்கிய சின்னப் பட்டறைதான் பின்னாளில் லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. அசோக்கும் சக்கரவர்த்தி அசோகர் இல்லை. 1948-இல் ஆஸ்டின் கார்களை இங்கே பூட்டி விற்க அசோக் மோட்டார்ஸைத் தொடங்கிய ரகுநந்தன் சரண், தன் மகன் பெயரை வைத்தார்.

விலங்குகளுக்கு வருவோம். 1920-களின் நடுவில் லேலண்ட் தன் பஸ்களுக்கு லயன், லெபர்ட் என்று பெயர் சூட்ட ஆரம்பித்தது. லாரிகள் வந்தபோது பீவர், பைசன், ஹிப்போ, ரைனோ என்று ஒரு மிருகக்காட்சி சாலையே கூடிவிட்டது. எட்டுச் சக்கர லாரிக்கு வைத்த பெயர் ஆக்டோபஸ்! பெயர் வைத்தவருக்குக் கை குலுக்கத் தோன்றும்.

இந்தக் கூட்டத்தில் 1927-இல் வந்த டைட்டன் விலங்கில்லை, கிரேக்கப் புராணத்துப் பூதம். அதுவரை மாடி பஸ் என்றால் உயரமாக, ஆடி அசைந்து போகும். ராக்கம் என்ற வடிவமைப்பாளர் சேஸிஸை, அதாவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தை, தாழ்த்தினார். மாடியில் நடைபாதையை ஓரமாகப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, நான்கு பேர் உட்காரும் நீளப் பெஞ்சுகளைப் போட்டதால், தாழ்ந்த ரயில் பாலங்களுக்கு அடியிலும் மாடி பஸ் நுழைந்தது. கீழே ஓர இருக்கையில் இருப்பவர் எழும்போது மேலே இருக்கும் பள்ளத்தில் தலை இடிக்கும், அது வேறு கதை. மறு வருடமே ராக்கம் போட்டி நிறுவனமான ஏ.இ.சி.க்குப் போய் ரீஜென்ட் பஸ்ஸைச் செய்தார். அங்கே வேறு கணக்கு: பஸ்ஸுக்கு ஆர், லாரிக்கு எம் எழுத்தில் பெயர்கள். ரீகல், ரூட்மாஸ்டர், மேமத், மெர்க்குரி. 1962-இல் அந்த ஏ.இ.சி.யையே லேலண்ட் வாங்கிவிட்டது.

சின்னம் ஏன் முக்கியம் என்றால், லேலண்ட் பெரும்பாலும் சேஸிஸை மட்டும்தான் விற்றது. பாடி கட்டுபவர் வேறு. நம் கரூரில் பாடி கட்டுவதை யோசித்துப் பாருங்கள், அதே கதைதான். தகரம் போர்த்தியபின் தன் வேலை வெளியே தெரியும் இடம் ரேடியேட்டர் முகப்பு ஒன்றுதான். அங்கேதான் பெயரைப் பதித்தார்கள்.

சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1950-களின் தொடக்கத்தில் காமெட் (வால் நட்சத்திரம்) சேஸிஸ் பூட்ட ஆரம்பித்தது. பெயரும் இங்கிலாந்திலிருந்து பெட்டியோடு வந்ததுதான். 1955-இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. பீவர், ஹிப்போ வந்தன. 1967-இல் டைட்டன் மாடி பஸ்ஸும் வந்தது. வழக்கம் பழகிப்போய் டஸ்கர் (கொம்பன் யானை), டாரஸ் (காளை) என்று நாமே பெயர் வைத்துக்கொண்டோம். வைக்கிங் என்ற பஸ் இலங்கைக்கும் போனது. அங்கே 1982-இல் லங்கா அசோக் லேலண்ட் தொடங்கியபின், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு பஸ் என்றாலே பலருக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வரும்.

வட்டச் சின்னம் பிந்தையது. 1968-இல் இங்கிலாந்தில் பல கார், லாரி கம்பெனிகளை ஒன்றாகக் கட்டி பிரிட்டிஷ் லேலண்ட் ஆக்கினார்கள். அதற்கு 'எல்' எழுத்தைச் சுழலும் சக்கரம் போல வரைந்த ஒரு சின்னம். அங்கே கேலியாக அதைப் "பறக்கும் வடிகால் ஓட்டை" என்றார்கள். அசோக் லேலண்டின் வட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்தச் சாயல் தெரியும்.

அந்தப் பெரிய கூட்டு நிலைக்கவில்லை. 1987-இல் அசோக் லேலண்டில் அதற்கிருந்த பங்குகள் இந்துஜா குழுமம், இத்தாலியின் இவெகோ நிறுவனம் இரண்டின் கைக்கு வந்தன. 1988-இல் லேலண்டின் பஸ் பிரிவை வோல்வோ வாங்கி, சில வருடங்களில் தொழிற்சாலையையும் மூடியது. லேலண்டின் ஒலிம்பியன் மாடி பஸ், முகப்பில் வோல்வோ பெயரோடு ஓடியது. இங்கிலாந்தில் புதிய பஸ் எதன் முகப்பிலும் இன்று லேலண்ட் என்ற பெயர் கிடையாது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஐந்து நிமிடத்தில் நாலு பார்க்கலாம்.