கணினியோடு சேர்த்து விற்கப்படும் பயம்: கேள்வி-பதில்

இந்த முறை கணினிக் கடிதங்கள் மட்டும். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: புது லேப்டாப் வாங்கப் போனேன். "ஆன்டி-வைரஸ் இல்லாமல் நெட் கொடுத்தால் ஒரே வாரத்தில் போய்விடும் சார்" என்று சொல்லி, மூன்று வருடத்துக்கான பெட்டி ஒன்றை 2,400 ரூபாய்க்குச் சேர்த்து பில் போடப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வாங்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மேற்கு மாம்பலம்

பதில்: வேண்டாம் ஐயா. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் கூடவே வருகிறது. அதற்கான விலையை விண்டோஸ் விலையிலேயே கொடுத்துவிட்டீர்கள். வீட்டு உபயோகத்துக்கு அது போதும். அதை அணைக்காமல் வையுங்கள், விண்டோஸ் அப்டேட் கேட்கும்போது "அப்புறம்" என்று தள்ளாமல் போட்டுவிடுங்கள். இன்னொரு வேலையும் செய்யுங்கள். அட்மின் (கணினியில் எதையும் மாற்றும் அதிகாரம் உள்ள கணக்கு) அல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றைத் திறந்து, தினசரி வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். ஏதாவது ஒரு மென்பொருள் கணினியின் அமைப்பையே மாற்றப் பார்த்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும்.

நானும் இப்படி ஒரு பெட்டி வாங்கியவன்தான். கடைக்காரர் சொன்னதைக் கேட்டுப் பயந்து வாங்கினேன். அதைப் போட்டதும் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொண்டது, கணினி மெதுவானது. காலம் முடிந்ததும் நான் எப்போதோ கொடுத்திருந்த கார்டிலிருந்து அடுத்த வருடத்துக்கான பணத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டார்கள். வங்கி 24 மணி நேரத்துக்கு முன்பே எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தது. நான் படிக்கவில்லை. ஏற்கெனவே பெட்டி வாங்கிவிட்டவர்கள் இன்றே அந்த ஆட்டோ-ரின்யூவலை ரத்து செய்யுங்கள்.

கேள்வி: வீட்டு வைஃபை பாஸ்வேர்டு என் மொபைல் நம்பர்தான். பக்கத்து வீட்டுப் பையன் பயன்படுத்துகிறான் என்று நினைக்கிறேன். புது ரூட்டர் வாங்க வேண்டுமா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் சேர்த்து.

கேள்வி: ரிச்சி தெருவில் 32,000 ரூபாய்க்குக் கணினி அசெம்பிள் செய்தேன். விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் இலவசமாகவே போட்டுக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து, பிரவுசரைத் திறந்தாலே சூதாட்ட விளம்பரம். கடையில் கேட்டால், "ஃபார்மட் பண்ணணும், 500 ரூபாய்" என்கிறார்கள். அவர்கள் கொடுத்த பொருளுக்கு நான் ஏன் மறுபடி பணம் கொடுக்க வேண்டும்?
— வாசகர், பெரம்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு அதே பென் டிரைவிலிருந்து அதே சரக்கைத்தான் மறுபடி போடுவார்கள்.

இதைப் பற்றிப் பல வருடமாக எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன். "ஓஎஸ் ஃப்ரீயா போட்டுத் தர்றோம் சார்" என்றால், காசு கொடுக்காத விண்டோஸை ஆக்டிவேட்டர் என்ற திருட்டு மென்பொருளால் திறந்து கொடுக்கிறார்கள் என்று பொருள். அந்த ஆக்டிவேட்டரை ஓடவிட முதலில் டிஃபெண்டரை அணைக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே பிடித்துவிடும். பல ஆக்டிவேட்டர்கள் "இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே" என்று டிஃபெண்டரிடம் ஒரு விதிவிலக்கையும் எழுதி வைத்துவிடுகின்றன. அந்த ஃபோல்டருக்குள் பிறகு எது வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் பார்க்காது. புது வீட்டுக்குப் பூட்டு போட வந்தவர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தது போலத்தான் இது. அந்தக் கணினியில்தான் நெட்பேங்கிங் செய்கிறோம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறோம்.

உங்களுடையது எப்படி என்று நீங்களே பார்க்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போங்கள். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" மூலம் திறக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் வந்தால், அது பெரிய அலுவலகங்களுக்கான முறை. பெரம்பூரில் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கணினிக்கு அந்த வாசகம் வரக் கூடாது. அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் (விதிவிலக்குகள்) என்ற இடத்தைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் ஏதாவது அங்கே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் தனியே எடுத்துக்கொண்டு டிஸ்க்கை முழுவதும் அழியுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக விண்டோஸை இறக்கிப் போட்டு, லைசென்ஸ் வாங்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடுங்கள். அது சட்டப்படியே இலவசம், கூடவே லிப்ரே ஆபீஸும் வரும். லினக்ஸ் நமக்கு அந்நியம் ஒன்றும் கிடையாது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை உருவாக்கியதே சென்னையில்தான். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களிலும் அது இருந்தது.

கடைக்காரரிடம் பில் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ரிச்சி தெருவில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு. அவர்கள் பில்லில் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி என்று ஒவ்வொன்றையும் எழுதுவார்கள். விண்டோஸ் விற்றால் அதையும் தனியாக எழுதியிருப்பார்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கையில் பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. பில் இல்லையென்றால், நீங்கள் அங்கேதான் வாங்கினீர்கள் என்று காட்டவே படாத பாடு பட வேண்டும்.

கேள்வி: பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். மகன் திட்டுகிறான். தப்பா?
— இல்லத்தரசி, மயிலாப்பூர்

பதில்: தப்பே இல்லை அம்மா. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவரைவிட நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். இணையத்தில் திருடுபவன் உங்கள் பீரோவுக்கு வர முடியாது. வங்கி பின் நம்பரை மட்டும் அதில் எழுதாதீர்கள். உங்கள் இமெயிலுக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுத் தரும்படி மகனிடம் சொல்லுங்கள். இமெயில் போனால், "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்ற ஒரே பட்டனில் மற்றதெல்லாம் போய்விடும்.

கேள்வி: கணினியில் திடீரென்று சிவப்புத் திரை வந்து அலாரம் அடித்தது. "வைரஸ் தாக்கிவிட்டது, உடனே மைக்ரோசாஃப்டை அழையுங்கள்" என்று ஒரு எண். அழைத்தேன். மரியாதையாகப் பேசினார்கள். ஏதோ ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, கணினியை அவர்களே இயக்கினார்கள். அன்று இரவு 48,000 ரூபாய் போய்விட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.
— வாசகி, அம்பத்தூர்

பதில்: வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் இல்லை அம்மா. நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்கிற கூட்டம் அது. படித்தவர், அதிகாரி, வங்கி ஊழியர் என்று எல்லோரும் இதில் மாட்டியிருக்கிறார்கள். முதலில் வீட்டில் சொல்லுங்கள். அடுத்த சில நாட்கள் கூட நின்று போன் செய்ய ஒரு ஆள் வேண்டும்.

இதைப் படித்து முடிக்கும் முன்பே 1930 எண்ணை அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்து நிறுத்துவதற்காக ஏற்படுத்தியது, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நாள் கடந்துவிட்டாலும் அழையுங்கள். சைபர் கிரைம் தேசிய இணையதளத்திலும் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவறு வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் பொறுப்பு என்று வங்கி வாதாடும். ஆனால் தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. நீங்கள் தெரிவித்த பிறகு போகும் பணம் முழுக்க வங்கியின் பொறுப்பு. கவுண்டரில், "நீங்கதானே மேடம் ஓடிபி சொன்னீங்க" என்று கடிதத்தை வாங்க மறுத்தால் எழுந்து வராதீர்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், விவரத்துக்கு 14448.

அந்தக் கணினியை நெட்டிலிருந்து துண்டித்து வையுங்கள். நம்பகமான ஆளை வைத்து முழுவதும் அழித்து விண்டோஸ் போடும் வரை அதில் எதையும் திறக்க வேண்டாம். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. என்ன ஆயிற்று என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். ஏழு வருடக் கணினி, நன்றாக ஓடுகிறது. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள்.
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது உண்மை. வீட்டுக் கணினிகளுக்கு இன்னும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் பெற ஒரு திட்டம் கொடுத்தார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அது தெரிகிறதா பாருங்கள். விண்டோஸ் 11 ஏறுமா என்று மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற மென்பொருள் சொல்லும். ஏறாவிட்டால் லினக்ஸ். ஓடுகிற கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சிபியு மூழ்கியது. பேக்கப் எடுத்து வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கும் அதே மேசையின் கீழ் டிராயரில் இருந்தது. இருபது வருடப் படங்கள் போயின. இனி எந்த டிஸ்க் வாங்கினால் பாதுகாப்பு?
— வாசகர், வேளச்சேரி

பதில்: உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. பாரிமுனைப் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் 1 டிபி பென் டிரைவ் என்று 600 ரூபாய்க்கு வாங்கி, அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்த ஃபைல்களை அதில் போட்டேன். உள்ளே இருந்தது சில ஜிபிதான், 1 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருந்தார்கள். ஃபைல் பெயர்கள் எல்லாம் தெரிந்தன, ஒன்றும் திறக்கவில்லை. அசல் காகிதங்கள் 2015 வெள்ளத்தில் போய்விட்டிருந்தன.

எந்த பிராண்டு என்பதைவிட எங்கே வைக்கிறீர்கள் என்பதே முக்கியம். தெரிந்த கடையில் பில்லோடு இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், பரண் மேல். இன்னொன்று தண்ணீர் வராத பகுதியில், மாடியில் இருக்கும் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். மிக முக்கியமானவற்றை மட்டும் கிளவுட் என்ற இணையச் சேமிப்பிலும் ஏற்றுங்கள். காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மின்சாரம் கொடுக்காமல் டேட்டா மீட்பு ஆட்களிடம் ஒருமுறை காட்டுங்கள். என்ன செலவாகும் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஆதார், பான், பாஸ்புக் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பித்தான் பிரின்ட் எடுக்கிறேன். வேறு வழி?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு வழி கேட்கிறீர்கள். ஆதார் தளத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் கிடைக்கும், பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். பிரின்ட் எடுத்ததும் அவர் கணினியிலும் போனிலும் உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். ஆதார் கைரேகையை லாக் செய்யுங்கள். மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் போகிறீர்கள் என்றால் ஒரு பிரின்டர் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: தி. நகர் துணிக்கடையில் மொபைல் நம்பர் கொடுத்தால்தான் பில் வரும் என்றார்கள். கொடுத்தேன். இப்போது தினம் பத்து எஸ்எம்எஸ்.
— வாசகி, சைதாப்பேட்டை

பதில்: நம்பர் இல்லாமலும் பில் வரும். வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. அடுத்த முறை "வேண்டாம், பில் மட்டும் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடுகிறேன். ஃபைல்களை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். போதுமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: போதாது. செட்டிங்ஸில் ரீசெட் போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு கிளீன் டேட்டாவையும் ஆன் செய்யுங்கள், சில மணி நேரம் ஆகும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு லேப்டாப்பைக் கொடுங்கள். விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்தால் குறைக்கட்டும்.