கிண்ணம் நிறைந்திருந்தால் பொம்மை எதற்கு?

வாசகர் கேள்வி – பதில்: வளர்ப்புப் பறவைகள்

கேள்வி: நானும் கணவரும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழாகிறது. காக்டெயில் கிளி ஒன்று தனியாக இருக்கிறது. நாங்கள் செருப்பு மாட்டும்போதே கத்த ஆரம்பித்துவிடும். பொழுது போகட்டும் என்று ஃபோரேஜிங் பொம்மை, அதாவது தீனியை உள்ளே ஒளித்துவைத்துத் தொங்கவிடும் அக்ரிலிக் சக்கரம், வாங்கி மாட்டினோம். கிண்ணத்தையும் நிரப்பிவிட்டுத்தான் போகிறோம். பொம்மையை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் பறவைக்குப் புத்தி கொஞ்சம் மட்டோ? (அல்சூர் வாசகி)

பதில்: புத்தியில் குறையில்லை. பொம்மையும் தவறு, அதைக் கொடுத்த விதமும் தவறு.

காக்டெயிலும் பட்ஜியும் ஆஸ்திரேலியப் புல்வெளிப் பறவைகள். தரையில் நடந்து, உதிர்ந்த புல்விதையைப் பொறுக்கித் தின்பவை. அந்தரத்தில் ஆடும் சக்கரத்தைக் காலால் பிடித்துத் திருப்புவது கோன்யூர், அமேசான் போன்ற கிளி இனங்களுக்குக் கைவந்த வேலை. காக்டெயிலுக்கு அது தீனி என்றே தோன்றாது. சக்கரத்தைக் கழற்றி எடுத்துவையுங்கள். அதற்குப் பதில் வீட்டில் சும்மா கிடக்கும் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று போதும். 25 முதல் 30 செ.மீ. அகலம், 4 செ.மீ. விளிம்பு. கூண்டு வாசலில் நுழையாவிட்டால் சின்னதாக ஒன்று. அதில் கையகலக் காகிதத் துண்டுகள், காய்ந்த மக்காச்சோளத் தோகை, பாக்குமட்டைத் தட்டின் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் போட்டு, நடுவில் தீனியைக் கலந்துவிடுங்கள். உட்காரும் குச்சிக்கு நேர் கீழே வைக்கக் கூடாது. எச்சம் தீனியில் விழும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரண்டு நாளில் தட்டு நாறிப்போய், "இதெல்லாம் சரிப்படாது" என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது கிண்ணம். சும்மா கிடைக்கும் தீனி பக்கத்திலேயே இருந்தாலும் வேலை செய்து தின்னும் சுபாவம் பல விலங்குகளிடம் உண்டு. 1963இல் ஜென்சன் என்ற ஆய்வாளர் எலிகளிடம் இதைக் கண்டு எழுதினார். பிறகு கிளிகளிடமும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த எலிகளுக்கு முதலிலேயே வேலையைப் பழக்கியிருந்தார்கள். உங்கள் பறவைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. தெரியாத பொம்மையும் நிறைந்த கிண்ணமும் அருகருகே இருந்தால் அது கிண்ணத்துக்குத்தான் போகும்.

அதற்காகக் கிண்ணத்தை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். "பசித்தால் தானே தேடும்" என்பது சின்னப் பறவைகளிடம் ஆபத்தான பேச்சு. அவற்றின் உடம்பில் சேமிப்பு குறைவு. 90 கிராம் காக்டெயில் ஒரு நாளைக்குத் தோராயமாக 12 முதல் 15 கிராம் தீனி தின்னும். சனிக்கிழமை காலை, நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் ஆரம்பியுங்கள். பாதி கிண்ணத்தில், பாதி தாம்பாளத்தில் மூடாமல், கண்ணுக்குத் தெரியும்படி. தாம்பாளத்தில் இறங்கிப் பொறுக்க ஆரம்பித்ததும் மேலே காகிதத் துண்டுகளைத் தூவுங்கள். பாதி விதை வெளியே தெரியட்டும். பிறகு முழுக்க மூடுங்கள். அதுவும் பழகியபின் விதையைக் காகிதத்தில் வைத்து மிட்டாய் போல இரு முனையும் முறுக்கிப் போடலாம். ஒவ்வொரு படிக்கும் நாலைந்து நாள் கொடுங்கள். ஒரு படியில் முரண்டு பிடித்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். தினைக்கதிர் ஒன்றைத் தாம்பாளத்தில் பாதி புதைத்துவைத்தால் முதல் நாளே இறங்கிவிடும் பறவைகளும் உண்டு.

இந்த நாட்களில் சமையலறைத் தராசு கட்டாயம், ஒரு கிராம் வரை காட்டுவது. காலையில் முதல் எச்சம் போட்டபின், தீனிக்கு முன் எடை பாருங்கள். 90 என்பது 87க்கு வந்தால் அந்தப் படியிலேயே நில்லுங்கள், கிண்ணத்தில் கொஞ்சம் கூட்டுங்கள். 81க்கு வந்தால் விளையாட்டை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

நேரமும் முக்கியம். காட்டுக் கிளிகள் காலையிலும் மாலையிலும்தான் மும்முரமாகத் தீனி தேடும்; நடுப்பகலில் ஓய்வு. எனவே தாம்பாளத்தைச் செருப்பு மாட்டும் முன்பே, 8.50க்கு வையுங்கள். கூட்டம் பறந்துபோகும்போது பறவை கூப்பிடுவது இயல்பு, அது முற்றிலும் நிற்காது. ஆனால் அலகுக்கு வேலை இருந்தால் சீக்கிரம் அடங்கும். கத்திய பிறகு வைத்தால், கத்தினால் தட்டு வரும் என்று கற்றுக்கொள்ளும். மாலையில் வந்ததும் இன்னொரு சின்னத் தட்டு. மதியம் சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று கேமராவில் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: எங்கள் சன் கோன்யூர் கடைப் பொம்மைகளை இரண்டே நாளில் தூள் தூளாக்கிவிடுகிறது. வீட்டுப் பொருளிலேயே செய்ய முடியுமா? எது ஆகும், எது ஆகாது? (ராஜாஜிநகர் வாசகர்)

பதில்: தூளாக்குவதற்குத்தான் பொம்மை. அது உடைந்தால் காசு வீண் இல்லை. உடையாமல் தொங்கினால்தான் வீண். ஆனால் மலிவாகச் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டிலோ காந்தி பஜாரிலோ பாக்குமட்டைக் கிண்ணம் கட்டாக வாங்கலாம். 10 செ.மீ. அளவில் இரண்டை எடுத்துப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காய்ந்த மட்டையில் துளை போட்டால் நார் ஓடும் திசையில் நேராகப் பிளந்துவிடும், ஊறினால் பிளக்காது. விளிம்பை ஒட்டி மூன்று இடத்தில் 5 மி.மீ. துளை. ஒரு கிண்ணத்தின் அடியில் மட்டும் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு ஓட்டை. வெயிலில் நன்றாகக் காயவைத்து, உள்ளே இரண்டு டீஸ்பூன் பெல்லட் (கடையில் விற்கும் குருணைத் தீனி), உரித்த சூரியகாந்தி விதை நாலைந்து, கூடவே சோளத் தோகை கொஞ்சம் திணித்து, இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து வாழைநாரால் கட்டுங்கள். தோகை திணிக்காவிட்டால் ஒரு குலுக்கில் எல்லாம் கொட்டிவிடும், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. முதல் இரண்டு முறை பறவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீனியைப் போடுங்கள்.

ஓட்டை விஷயத்தில் ஒரு கணக்கு: பறவையின் தலை நுழையவே முடியாத அளவு, இல்லையென்றால் உடம்பே தாராளமாகப் போய்வரும் அளவு. நடுவாந்தர ஓட்டையில்தான் தலை மாட்டும். கொட்டாங்கச்சிக்கும் இதே கணக்கு. வெளி நாரைச் சுரண்டி எடுத்து, உள்ளே ஒட்டிய தேங்காயை வழித்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயப்போட வேண்டும். ஒட்டிய பருப்பு காறிப்போய்ப் பூசணம் பிடிக்கும்.

கயிறு: தொங்கும் துண்டு பறவையின் கழுத்தைச் சுற்ற முடியாத நீளத்தில் இருக்கட்டும். பருத்திக் கயிறு நூல் நூலாகப் பிரிந்தால் நகத்தில் சிக்கும். கடித்து விழுங்கினால் தீனிப்பையில் பந்தாக அடைக்கும். பிரிய ஆரம்பித்த அன்றே தூக்கிப்போடுங்கள். நைலான் வேண்டவே வேண்டாம்.

கொக்கி: இதில்தான் உயிருக்கே ஆபத்து. கால்வனைஸ் செய்த கம்பியில் துத்தநாகப் பூச்சு இருக்கும்; சாவி வளையம், மலிவான சங்கிலியிலும் இருக்கலாம். கிளி நாள் முழுக்க நக்கியும் கடித்தும் அது உடம்பில் சேர்ந்து விஷமாகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் வாங்குங்கள். கடைக்குக் காந்தம் கொண்டுபோனால் கால்வனைஸ் இரும்பு ஒட்டி மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒட்டாததெல்லாம் ஸ்டீல் இல்லை. பித்தளையும் ஒட்டாது, அதிலும் துத்தநாகம் உண்டு.

காகிதத்தில் வெள்ளைத்தாள், பழுப்பு மளிகைக் காகிதம், கோந்து குறைவான அட்டைச் சுருள் சரி. கடை பில், செலோடேப், ஸ்டேப்ளர் பின், வழவழப்பான அச்சுத்தாள் கூடாது. இந்த இதழின் அட்டையும் அதில் சேர்த்திதான். கிளைகளில் கொய்யா, முருங்கை, வேம்பு, புளி நல்லவை. அரளி, உண்ணிச்செடி, கள்ளி, அவகாடோ எல்லாம் விலக்கு. புறா உட்காரும் மரத்தடியில் பொறுக்கிய கிளையை, எவ்வளவு கழுவினாலும், கூண்டுக்குள் கொண்டுவராதீர்கள். புறா எச்சத்தில் கிளிக்கும் நமக்கும் தொற்றும் கிருமிகள் இருக்கலாம்.

பெங்களூரு மழை மாதங்களில் பாக்குமட்டை மூன்று நாளில் கறுப்புப் புள்ளி போடும். தட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். பழம், ஊறவைத்த பயறு போன்ற ஈரத் தீனியை ஒளித்துவைத்தால் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுவது மறக்கக் கூடாது. எங்கே ஒளித்தீர்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்க வேண்டும்!

கேள்வி: டி.வி. போட்டுவிட்டுப் போனால் போதாதா? (கோரமங்களா வாசகர்)

பதில்: போதாது. சத்தம் துணையாகலாம், அலகுக்கும் காலுக்கும் அதில் வேலை இல்லை.

கேள்வி: எங்கள் ஆறு வயது ஆப்பிரிக்கன் கிரே கிளி நெஞ்சு இறகைப் பிடுங்கிக்கொள்கிறது. தேடித் தின்னும் பொம்மை தந்தால் நிற்கும் என்றார்கள். ஆனால் புதுப் பொம்மையைக் கண்டாலே கூண்டில் அடித்துக்கொண்டு மூலைக்கு ஓடுகிறது. (மல்லேஸ்வரம் வாசகி)

பதில்: முதலில் மருத்துவர், பிறகு பொம்மை. தோல் தொற்று, கல்லீரல் கோளாறு, கிளிகளுக்கு வரும் அலகு–இறகு வைரஸ் நோய் என்று இறகு பிடுங்க உடல் காரணங்கள் பல. அதைப் பார்க்காமல் பொம்மை மாட்டுவது நோயை மறைப்பதாகும். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பறவைகள் பார்க்கும் மருத்துவரிடமோ காட்டுங்கள்.

உடலில் ஒன்றுமில்லை என்றால் பொம்மைக்கு உண்மையிலேயே பலன் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளிடம் செய்து 2003இல் வெளியான ஆய்வில், தீனி தேடும் வேலையும் ஏறி இறங்கப் பலவகைக் குச்சிகளும் சேர்த்துக் கொடுத்தபோது இறகு பிடுங்குவது குறைந்தது. கொடுக்காத கிளிகளிடம் அது வளர்ந்தது. ஆனால் வேரே கெட்டுப்போன இடத்தில் இறகு திரும்ப முளைக்காமலும் போகலாம்.

கிரே இனத்துக்குப் புதுப் பொருள் என்றாலே பயம். கூண்டுக்குள் திடீரென மாட்டினால் ஓட இடமில்லாமல் போகிறது, அதுதான் நீங்கள் பார்க்கும் கூத்து. பொம்மையைக் கூண்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மேசையில் வையுங்கள். நீங்களே அதை உருட்டி, பிரித்து, உள்ளிருந்து பாதி அக்ரூட்டை எடுத்துக் காட்டிக் கொடுங்கள். இறகை உடம்போடு ஒட்டவைத்துக் கழுத்தை நீட்டி அசையாமல் நின்றால் அது பயம்; அன்று அங்கேயே நிறுத்துங்கள். கண்ணை உருட்டிச் சாய்ந்து பார்த்தால் ஆர்வம். மறுநாள் ஒரு சாண் கிட்டே. கூண்டுக் கம்பியை அடைய இரண்டு மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும்.

இதைவிடச் சுலபம், தெரிந்த பொருளையே வேலையாக்குவது. தினமும் தின்னும் அதே கிண்ணம், மேலே ஒரு காகிதம், நடுவில் விரல் நுழையும் ஓட்டை. உள்ளே தீனி தெரியும், கிழித்தால் கிடைக்கும். இறகைப் பிடுங்கும்போது அதட்டாதீர்கள், ஓடிவந்து கொஞ்சவும் வேண்டாம். இரண்டும் அதற்குக் கவனிப்புதான்.

பதிவு செய்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள பறவை. 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும். கோன்யூர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு விதி பொருந்தும். பட்ஜி, காக்டெயில் அந்த ஒப்பந்தப் பட்டியல்களில் இல்லை.

கேள்வி: ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் ஜோடிக்கு அட்டைப்பெட்டியில் காகிதம் நிரப்பித் தீனி ஒளித்து வைத்தோம். ஆசையாக விளையாடின. இப்போது பெட்டிக்குள் ஐந்து முட்டை! கை வைத்தால் கடிக்கிறது. (ஜெயநகர் வாசகர்)

பதில்: உங்களுக்கு அது பொம்மை, அவற்றுக்கு அது பிரசவ அறை. மூடிய இருட்டுப் பெட்டியும் கிழிக்கக் காகிதமும் கிடைத்தால் லவ் பேர்ட் கூடு கட்டும். காகிதத்தை ஒரே அகலத்தில் நீளநீளமாகக் கிழித்து முதுகு இறகில் செருகிக்கொள்கிறதா? அது விளையாட்டு இல்லை.

முட்டைகளை இப்போது எடுக்காதீர்கள். எடுத்தால் ஈடுகட்ட மேலும் இடும், உடம்பில் சுண்ணாம்புச் சத்து வற்றும். குஞ்சு வேண்டாமென்றால் அதே அளவுப் பிளாஸ்டிக் முட்டைகளை வைத்து மாற்றிவிட்டு, தாயே அலுத்து விலகும்வரை விடுங்கள். கணவாய் ஓடு ஒன்று கூண்டில் இருக்கட்டும். விலகியபின் பெட்டியை அகற்றி, மாலை ஆறரைக்கே துணி போட்டு 12 மணி நேரம் இருட்டு கொடுங்கள். இனி திறந்த தட்டு, தொங்கும் சோளக்கதிர், கீரைக்கட்டு போன்றவை மட்டும். மூடியது எதுவும் வேண்டாம். பெண் பறவை இறகை உப்பவைத்துத் தரையில் உட்கார்ந்து, வாலை ஆட்டி ஆட்டி முக்கினால் முட்டை சிக்கியிருக்கிறது. அன்றே ஆஸ்பத்திரி, மறுநாள் இல்லை.

கேள்வி: பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது பச்சைக்கிளி ஒன்றைக் கூண்டோடு தந்துவிட்டுப் போனார்கள். அதற்கு என்ன பொம்மை செய்யலாம்? (இந்திராநகர் வாசகி)

பதில்: பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப்பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைப்பது குற்றம், யார் தந்திருந்தாலும் சரி. அதற்காகக் கூண்டைத் திறந்து பறக்கவிடாதீர்கள். இறகு வெட்டப்பட்டிருந்தால் முதல் பூனைக்கே இரையாகும். தீனி தேடவும் தெரிந்திருக்காது. வனத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் காட்டும் மறுவாழ்வு மையத்தில் ஒப்படையுங்கள். அவர்கள் வரும்வரை ஓரிரு நாள் கொய்யாக் கிளை ஒன்றும், தோகையோடு அரை மக்காச்சோளமும் கூண்டில் இருந்தால் போதும்.