சொந்தமாக வள்ளம் வாங்க மனைவி சம்மதிக்கவில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கேட்டிருக்கும் தம்பி பத்து வருஷமாக விசைப்படகில் கூலிக்குப் போகிறாராம். சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம், அதாவது சின்னப் படகு, எடுக்க ஆசை. மனைவி நகையைத் தரமாட்டேன் என்கிறார், அவர் மனதை எப்படி மாற்றுவது என்று கேட்கிறார். பதில் சொன்னவர்களில் ஒருவர், "வாங்கிவிட்டு அப்புறம் சொல்லுங்கள், பெண்கள் பழகிக்கொள்வார்கள்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நான் அப்படிப் பழகிக்கொண்டவள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடலுக்குப் போனதில்லை. "கரையில் இருக்கிறவளுக்கு என்ன தெரியும்" என்று யாராவது வருவீர்கள், வாருங்கள். கடலில் நடப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வள்ளம் கரைக்கு வந்த பிறகு நடப்பதைத்தான் சொல்கிறேன், அது எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவள், எங்கள் மகளிர் குழுவுக்குப் பதினைந்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். லட்சக்கணக்கில் டீசல் போட்டுப் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிற பெரிய படகுகளின் கணக்கு வேறு, அதற்கு இது பொருந்தாது.

தம்பி, உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். நிவாரணம் 8,000 ரூபாய் வரும், அது பலசரக்குக் கடைப் பாக்கிக்கே சரியாகப் போகும். அந்த நாட்களில் எங்களைப் போன்ற ஃபைபர் வள்ளங்கள் போய்வரும், மீனுக்கு நல்ல விலையும் இருக்கும். கரையில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறவருக்கு ஆசை வராமல் இருக்காது. எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் வந்தது. அவரும் உங்களைப் போல விசைப்படகில் போனவர். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை, பெயர் வேண்டாம்.

2013இல் அவர் போட்ட கணக்கு இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது. வள்ளம் 2,20,000. எஞ்சின் ஒரு லட்சம். வலை 1,20,000. ஆக 4,40,000. சீட்டுப் பணம் 90,000 கையில் இருந்தது. என் நகை 9 பவுன், வங்கியில் வைத்தால் 1,40,000. வட்டிக்கு 1,50,000, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். மீதி அறுபதாயிரத்துக்கு, "கூட்டாளி ஒருத்தன் தர்றான், வட்டி கிடையாது" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். பயந்து சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடலுக்குப் போறவன் பொண்டாட்டி பயப்படலாமா" என்றார். எனக்குக் கடலைப் பற்றிப் பயம் இல்லை, கூலிக்குப் போனாலும் அதே கடல்தானே. மாதம் 3,000 ரூபாய் வட்டி எந்த நாள் பாட்டிலிருந்து, அதாவது மீன் வரவிலிருந்து, வரும் என்று கேட்டேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. "பாடு கிடைக்கும்" என்றார்கள். பாடு கிடைக்கும், சரி, எத்தனை நாள்?

கடைசியில் கொடுத்துவிட்டேன். சண்டையில் தோற்றுப்போய்க் கொடுக்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் அவர் கூலிக்குக் கிளம்பும்போது, சம்மாட்டி (படகு முதலாளி) வீட்டு வாசலில் நின்று ஆள் வைத்துக் கூப்பிட்டார்கள், பெயரைக்கூடச் சொல்லவில்லை, "ஏய்" என்றார்கள். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. 9 பவுனையும் எடுத்துக் கொடுத்தேன். அது போக அம்மா போட்ட வளையல் இரண்டு, 3 பவுன், அதை மட்டும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு வாரம் பேச்சில்லை.

வள்ளம் வந்தது, பங்குச் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார், மாமியார் அழுதார். முதல் நாளே சாளை மீன் நன்றாக விழுந்தது. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இனி வரவுசெலவு. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் கூலி வாங்குகிற பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். ஒருநாள் மீன் 9,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது என்று வையுங்கள். கரையில் மீனை ஏலம் விடுகிற ஏலக்காரர் கமிஷன் பத்து சதவீதம், 900. பெட்ரோல், மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,700. மீதி 5,400. எங்கள் பக்கத்து வழக்கப்படி அதில் பாதி வள்ளம், எஞ்சின், வலைக்கு. மறுபாதியை அவரோடு சேர்த்து நாலு பேர் பிரித்தால் ஆளுக்கு 675. வள்ளத்தின் பங்கு 2,700, அவர் பங்கு 675, ஆக வீட்டுக்கு 3,375 வருகிறது. அடேயப்பா என்று இருக்கும். ஆனால் வள்ளத்தின் பங்காக வந்த 2,700 வீட்டுப் பணம் இல்லை, அது வள்ளத்தின் பணம், அதிலிருந்துதான் வட்டி, வலை, எஞ்சின் எல்லாம். எங்கள் வீட்டில் இது புரிய ஒரு வருஷம் ஆனது. முதல் வருஷம் அந்தப் பணத்தில் டிவி வாங்கினோம்.

இரண்டாம் வருஷம் பையனின் பழைய பள்ளிக்கூட நோட்டில் நான் எழுத ஆரம்பித்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. போன நாள், போகாத நாள், ஏலத் தொகை, செலவு. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் போனது 171 நாள். ஞாயிற்றுக்கிழமை போவதில்லை. கோயில் திருவிழா, ஊரில் துட்டி (சாவு), ஆள் வராத நாள், எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாள். கச்சான் காற்று தூக்கினால் வாரக்கணக்கில் வள்ளம் கரையில்தான். ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு வந்த நாளையும் சேர்த்து, நாளுக்குச் சராசரி 7,000 ரூபாய் ஏலம். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 12 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அந்த டிசம்பரில் என் கையில் 1,100 ரூபாய் இருந்தது. அப்படியானால் பணம் எங்கே போகிறது?

எங்கே போகிறது என்று துணி துவைக்கும்போது தெரிந்தது. அவர் சட்டைப் பையில் ஏலச் சீட்டு. அதில் பத்து சதவீதம் கழித்திருந்தது. அதை எல்லோருக்கும் உள்ள கமிஷன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டால் அவர்களுக்கு ஐந்துதான். சாயங்காலம் அவரிடம் கேட்டேன். முதலில் கத்தினார், அப்புறம் சொன்னார். அந்த அறுபதாயிரத்தைக் கொடுத்தது கூட்டாளி இல்லை, ஏலக்காரர். முன்பணம். வட்டி கிடையாது என்றது உண்மைதான். ஆனால் முன்பணம் அடையும்வரை மீன் அவரிடம்தான் போட வேண்டும், கமிஷனும் பத்து.

நோட்டை எடுத்து அவர் முன்னாலேயே பெருக்கிக் காட்டினேன். 12 லட்சத்துக்குக் கூடுதல் ஐந்து சதவீதம் அறுபதாயிரம். அறுபதாயிரம் முன்பணத்துக்கு வருஷம் அறுபதாயிரம் கொடுத்திருக்கிறோம், முதல் அப்படியே இருக்கிறது. இரண்டு வருஷம். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியைப் பார்த்து நான் பயந்தேன், இது மாதத்துக்கு எட்டு ரூபாய்க்கு மேல். எட்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினேன் என்று யாராவது வீட்டில் வந்து சொல்வார்களா? வட்டியே கிடையாது என்றுதான் சொல்வார்கள்.

ஏலக்காரர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொன்னதாக யாரும் எழுதவேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினபோது பணம் தந்தது அவர்தான். வங்கியா கதவைத் திறந்து தந்தது? நான் சொல்வது என்னிடம் மறைத்ததைப் பற்றி மட்டும்.

தருவதில்லை என்று வைத்திருந்த அந்த இரண்டு வளையலையும் நானே கொண்டுபோய் வங்கியில் வைத்தேன். 46,000 கிடைத்தது. மீதி 14,000 குழுவில் கடன் எடுத்தேன். ஏலக்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "தங்கச்சி கணக்குப் படிச்சவல்லா" என்றார். அது பாராட்டா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றிலிருந்து திறந்த ஏலம், ஐந்து சதவீதம். அடுத்த ஈஸ்டருக்கு வளையல் கைக்கு வந்துவிட்டது. ஒன்பது பவுன் வர இன்னும் மூன்று வருஷம் ஆனது, அதிலும் ஒரு பவுன் அடகிலேயே மூழ்கிப்போனது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. குழுக்கடனுக்குப் போனபோது வங்கியில் என் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். என் பெயரில் உள்ள கடன், 14,000 ரூபாய். அவர் கடலில் இருந்தார், இரண்டு நாள் நடந்தேன். அறுபதாயிரம் முன்பணம் வாங்க என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. அதிகாரி கெட்டவர் இல்லை, ஃபேனைப் போட்டு உட்காரத்தான் சொன்னார். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொன்று, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது. விசைப்படகில் போகிறேன் என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன். 1983 சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. ஒரு ராத்திரி போட்டு வைத்த நண்டு வலை அத்தனையும் மறுநாள் காலை இல்லை, போயா (மிதவை) இரண்டு மட்டும் மிதந்துகொண்டு கிடந்தது. நாற்பதாயிரம் ரூபாய் வலை. யார் இழுத்துப் போனார்கள் என்று ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் படகு அப்படிச் செய்வதில்லை என்றால் சந்தோஷம். நாளைக்கு வள்ளம் எடுத்து வலை போட்டுவிட்டுக் கரையில் படுத்தால் உங்களுக்கும் அந்தத் தூக்கம்தான் வரும், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

சரி, உங்கள் கேள்வி. சம்மதிக்க வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. நீங்கள் இப்போது போகும் படகின் சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியிருப்பீர்கள், வாங்காத ஆள் குறைவு. அதை அடைக்காமல் இறங்க முடியாது. அது எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியுமா? வள்ளம் எடுத்த பிறகு உங்களிடம் வேலைக்கு வருகிறவர்கள் உங்களிடம் முன்பணம் கேட்பார்கள். எங்களுக்கு இரண்டு பேருக்குப் பத்தாயிரம் வீதம் போனது, அது அந்த 4,40,000இல் இல்லை. இதெல்லாம் சேர்த்த தொகையைச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்று அவர் சொல்வதன் காரணம் அப்போது உங்களுக்கே தெரியலாம்.

மானியம் உண்டு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் வந்தது. பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்கள் பெயரில் எடுத்தால் 60 சதவீதம். அதற்காகவே மனைவி பெயரில் விண்ணப்பம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பெயர் மட்டும்தான் அவள் பெயர், ஏலச் சீட்டைக் கண்ணில் காட்டமாட்டார்கள். விவசாயிகளுக்கு இருந்த கிசான் கிரெடிட் கார்டை 2018-19இல் மீனவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 சதவீதத்துக்கு இறங்கும். அது தொழில் செலவுக்குத்தான், வள்ளம் வாங்க அல்ல. ஆனால் ஏலக்காரரிடம் அன்றாடச் செலவுக்குக் கைநீட்டாமல் இருக்க அது உதவும். நாங்கள் வாங்கும்போது இது இரண்டும் கிடையாது.

எங்கள் வள்ளம் இன்றும் ஓடுகிறது. அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொன்னது தப்பா என்று கேட்டால், வள்ளத்தைப் பொறுத்தவரை தப்புதான், கூலிக்குப் போயிருந்தால் பையனைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்க முடியாது. இதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் யாராவது வந்து கேட்பீர்கள்.

ஏலம் முடிந்ததும் இப்போது கரையிலிருந்தே போன் போட்டு, "எழுதிக்கோ" என்பார். போன மாதம் முதல் அவருக்குப் பெரிய எஞ்சின் மேல் ஒரு கண். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றிலிருந்து நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னவோ கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் பேனா கேட்டார், கொடுத்தேன்.