கேளுங்கள், சொல்கிறேன்: இந்த வாரம் விஜயவாடா

வங்கி வேலையில் விஜயவாடாவில் இருந்தவள் நான் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. மாமியார் வழக்குகளும் முடி கொட்டும் வழக்குகளும் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

அம்மா, என் மகனுக்கு விஜயவாடாவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. 2024 வெள்ளக் காட்சிகளைப் பார்த்ததிலிருந்து மருமகள் வரமாட்டேன் என்கிறாள். உலகிலேயே மிக நெருக்கமான ஊர்களில் ஒன்று என்றும் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வீடு எங்கே பார்க்கச் சொல்லட்டும்?
ஆர்.கே., கும்பகோணம்

நெருக்கத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சுமார் 62 சதுர கிலோமீட்டர் மாநகராட்சி எல்லைக்குள் 10 லட்சத்துக்குச் சற்று அதிகமானோர். சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17,000 பேர். அதே ஆண்டில் சென்னையின் பழைய எல்லைக்குள் சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கும் மேல். ஆக, மயிலாப்பூரில் பெண் கொடுப்பவர்கள் விஜயவாடாவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் அங்கே போய் இறங்கியதும் மூச்சு முட்டத்தான் செய்யும். காரணம் தலைக்கணக்கு அல்ல, தரையின் அமைப்பு. தெற்கே கிருஷ்ணா. மேற்கே கனகதுர்க்கை கோயில் இருக்கும் இந்திரகீலாத்ரி மலை. ஊருக்குள்ளேயே குணதலா, மொகல்ராஜபுரம் என்று பாறைக் குன்றுகள். கிருஷ்ணாவின் குறுக்கே நிற்கும் பிரகாசம் அணையிலிருந்து பிரியும் ஏலூரு, ரைவஸ், பந்தர் கால்வாய்கள் மூன்றும் ஊரை வகிர்ந்துகொண்டு போகின்றன. போதாக்குறைக்கு ரயில் பாதைகள். எந்தத் தெருவில் நடந்தாலும் சிறிது நேரத்தில் ஒரு கால்வாயோ தண்டவாளமோ குறுக்கே வந்து நிற்கும். உடனே எல்லா வண்டியும் ஒரே பாலத்தைத் தேடி ஓடும். எங்கள் கிளைக்குத் தாமதமாக வந்தவர்கள் யாரும் புதிதாகப் பொய் யோசித்ததில்லை. "பாலத்தில் மாட்டிக்கொண்டேன்" என்பது எப்போதும் உண்மையாகவே இருந்தது.

இப்போது வெள்ளம். பெரிய ஆற்றைப் பார்த்துப் பயந்துகொண்டு சின்ன ஓடையை மறப்பதுதான் வெளியூர்க்காரர்களின் வழக்கம். 2024 செப்டம்பர் முதல் வாரத்தில் பிரகாசம் அணையில் விநாடிக்கு 11.43 லட்சம் கன அடி தண்ணீர் போனது. அதுவரை காணாத அளவு. ஆற்றை ஒட்டியிருக்கும் கிருஷ்ணலங்காவைப் புதிதாகக் கட்டியிருந்த தடுப்புச்சுவர் காப்பாற்றிவிட்டது. மூழ்கியது ஆற்றங்கரையிலிருந்து தள்ளியிருக்கும் சிங் நகர் பக்கம். மூழ்கடித்தது புடமேரு என்ற ஓடை. மேற்கு மலைகளில் பெய்யும் மழையை வாரிக்கொண்டு ஊரின் வடபுறமாகக் கொல்லேரு ஏரிக்குப் போவது அது. அதன் வெள்ளத்தைக் கிருஷ்ணாவில் தள்ளிவிட ஒரு திருப்புக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் கிருஷ்ணாவே நிரம்பி வழிந்தால் அது எப்படி வடியும்? கரைகள் உடைந்தன, தண்ணீர் ஊரைப் பார்த்துத் திரும்பியது.

ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: வாடகை பேசுமுன் தெருவில் இருக்கும் மளிகைக் கடைக்காரரிடம் "2024இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்கட்டும். வீட்டுக்காரரைக் கேட்டுப் பயனில்லை. அவருக்கு ஞாபகமறதி இருக்கும். சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தாலும் மின்மீட்டர் பெட்டியையும் மாடிப்படியின் அடிப்பாகத்தையும் பார்த்தால் சேற்றின் கோடு தெரிந்துவிடும். முதல் மாடி கிடைத்தால் விடவேண்டாம். குன்றுச் சரிவில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஏறவும் வேண்டாம். அதே மழையில் மொகல்ராஜபுரத்தில் பாறை சரிந்து வீடுகள் மேல் விழுந்து உயிர்கள் போயின. மருமகளைத் தைரியமாக அனுப்புங்கள்.

தெலுங்கு தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியுமா?
வாசகி, தென்காசி

மூன்று மாதம் தள்ளலாம். அதற்குள் காய்கறிக்காரம்மா உங்களுக்குத் தெலுங்கு கற்றுக்கொடுத்துவிடுவார், கட்டணம் கொசுறுக் கறிவேப்பிலையில் கழியும். எண்களை மட்டும் போகுமுன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

சென்னையில் எங்கள் குழாயில் வருவது கிருஷ்ணா நீர் என்கிறார்கள். விஜயவாடாவில் ஓடும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோமா?
எம்.வி., வில்லிவாக்கம்

ஆறு ஒன்றே, தண்ணீர் வேறு. சென்னைக்கு வரும் பங்கு விஜயவாடாவை எட்டிப் பார்ப்பதே இல்லை. வெகு மேலே ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்திலேயே அது பிரிந்துவிடுகிறது. போத்திரெட்டிபாடு மதகு, வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு நீர்த்தேக்கங்கள் என்று ராயலசீமாவையும் நெல்லூர்ச் சீமையையும் சுற்றிக்கொண்டு பூண்டிக்கு வந்து சேர்கிறது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. கொடுப்பதாக 1976இல் ஒப்புக்கொண்டன. எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் முதல்வர்களாக இருந்த 1983இல் தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் ஒப்பந்தம் ஆனது. தண்ணீர் பூண்டியை எட்டியது 1996இல். இத்தனை வருடம் பொறுத்த நீங்கள் கோடையில் குழாய் வராத இரண்டு நாளுக்குக் கடிதம் எழுதுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. எழுதுங்கள், தப்பில்லை.

விஜயவாடாவில் ஓடுவதன் கதை இன்னும் சுவையானது. ஸ்ரீசைலம், நாகார்ஜுனசாகர், புலிச்சிந்தலா ஆகிய மூன்று அணைகளையும் தாண்டி மிஞ்சுவதுதான் அந்த ஊருக்கு. அது போதாமல் பட்டிசீமாவில் கோதாவரித் தண்ணீரை இறைத்து, கால்வாய் வழியாக விஜயவாடாவுக்குச் சற்று மேலே கிருஷ்ணாவில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். கிருஷ்ணா ஸ்நானம் என்று படித்துறையில் முழுகி எழுகிறவர்களின் தலையில் பாதி கோதாவரியாக இருக்கலாம். புண்ணியம் இரட்டிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நேரான நீர்வழி ஒன்று இருந்தது. கிருஷ்ணாவின் தென்கரையில் சீதாநகரத்தில் புறப்படும் கால்வாய் கொம்மமூரு கால்வாயாகப் போய்ப் பக்கிங்காம் கால்வாயோடு சேரும். அந்த வழியாகச் சென்னைக்குப் படகுகள் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்தன. இன்று அந்தக் கால்வாய் நகருக்குள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வில்லிவாக்கத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பது வயது அம்மாவை நவராத்திரிக்குக் கனகதுர்க்கை கோயிலுக்கு அழைத்துப் போக ஆசை. எந்த நாள் நல்லது?
பி.எல்., ஓசூர்

நவராத்திரியில் எந்த நாளும் எண்பது வயதுக்கு நல்ல நாள் இல்லை. அதிலும் மூல நட்சத்திரத்தன்று வேண்டவே வேண்டாம். அன்று அம்மனுக்குச் சரஸ்வதி அலங்காரம், அரசு சார்பில் பட்டு சார்த்தும் நாளும் அதுவே. வரிசை மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் நீளும். பிள்ளைகள் தேர்வு எழுதும் பேனாக்களோடு நிற்பார்கள். விஜயதசமியை ஒட்டிச் சிவப்பு உடுத்தி இருமுடி சுமந்த பவானிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்வார்கள். நம் ஊர் ஐயப்ப பக்தர்களைப் போல மாலை போட்டு விரதம் இருப்பவர்கள், சிவப்புதான் வித்தியாசம்.

அன்னப்படகில் அம்மன் ஆற்றில் வலம் வருவதைப் பார்க்கத்தான் உங்கள் ஆசை என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றில் நீர்வரத்து அதிகமாக இருக்கும் வருடங்களில் படகைத் துர்கா படித்துறையிலேயே கட்டிவைத்துப் பூஜையை முடித்துவிடுவார்கள். தீபாவளி கழிந்து ஒரு வாரநாள் விடியலில் போங்கள். அம்மன் எங்கும் போகமாட்டாள்.

வெயில் அவ்வளவு மோசமா?
"வேலூர்க்காரன்"

வேலூர்க்காரர் கேட்கும் கேள்வியா இது? ஆனாலும் மே மாதத்தில் நீங்கள்கூட அங்கே பணிந்துவிடுவீர்கள். சுற்றியிருக்கும் பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும். கடற்காற்று எட்டுமுன் களைத்துவிடும்.

அங்கே என்ன சாப்பிடவேண்டும்? காரம் எங்களுக்கு ஆகாது.
தம்பதி, காரைக்குடி

கிருஷ்ணாவைத் தாண்டினால் மிளகாய்க்குப் பேர்போன குண்டூர் வந்துவிடும். அந்த அக்கம்பக்கத்தில் காரம் ஆகாதவர்கள் தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மனம் கேட்காவிட்டால் உலவசாறு சாப்பிடுங்கள். கொள்ளு வேகவைத்த தண்ணீரைப் புளி சேர்த்துக் கெட்டியாகும்வரை வற்றக் காய்ச்சுவது. சூடான சோற்றில் அதை ஊற்றி, மேலே பாலாடை ஒரு கரண்டி. "ஓ, கொள்ளு ரசமா?" என்று மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

ரயில் மாறுவதற்கு நடுவே அரை நாள் கிடைக்கிறது. கொலுவுக்குக் கொண்டபள்ளி பொம்மை வாங்கலாமா, வேறு ஏதாவது பார்க்கலாமா?
எஸ்.ஜே., நாகர்கோவில்

அரை நாளில் ஒன்றுதான் முடியும். சிற்பம் பிடிக்கும் என்றால் ஆற்றைக் கடந்து உண்டவல்லி குகைக்கு ஆட்டோ பிடியுங்கள். மலையைக் குடைந்து அடுக்கடுக்காகச் செய்திருக்கிறார்கள். மேல் தளத்தில் பாறையிலேயே பள்ளிகொண்ட பெருமாள் நீளமாகக் கிடக்கிறார். உள்ளே இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் நின்றால்தான் பாதம் எங்கே, முகம் எங்கே என்று பிடிபடும். பாதிப்பேர் அதற்குள் வெளியே வந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பொம்மைதான் வேண்டும் என்றால் கொண்டபள்ளிக்கே போய் வாங்குங்கள், செய்கிற கையையும் பார்த்துவிடலாம். பொணிகி என்ற இலேசான மரம். கை தனி, கால் தனி, தலைப்பாகை தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையில் மரத்தூளைக் குழைத்து ஒட்டுகிறார்கள். அந்தக் குழைசலிலேயே மூக்கும் மீசையும் பிடிக்கிறார்கள். காய்ந்த பிறகுதான் வண்ணம். தசாவதாரம் எங்கும் கிடைக்கும். பனை ஏறுகிறவரையும், அம்பாரி யானையையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் கொலுவில் பார்ப்பவர்கள் அவற்றின் முன்னால்தான் நிற்பார்கள். கைகால் ஒட்டிய இடங்களில் விரலால் மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டில் உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். ஈரம் பட்டால் பசை இளகி, யானை மேலிருக்கும் ராஜா சாய்ந்துவிடுவார்.