ஆப்பை அழிச்சாச்சு... பணம் மட்டும் ஏன் போகுது?

(வாசகர்களின் பணச் சந்தேகங்களுக்கு, வங்கி கவுன்ட்டரில் காலம் தள்ளி ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பதிலளிக்கும் பகுதி. இந்த இதழில் முழுக்க சந்தாக் கேள்விகள்.)

காரைக்குடி வாசகி: மேடம், லீவுக்கு வந்த பேரனுக்காக ஒரு கார்ட்டூன் ஆப் போட்டேன். ஒரு ரூபாய் கட்டினா ஏழு நாள் பார்க்கலாம்னு வந்துச்சு, கட்டினேன். அவன் ஊருக்குப் போனதும் ஆப்பை அழிச்சிட்டேன். ஆனா மாசாமாசம் 299 ரூபாய் போய்க்கிட்டே இருக்கு. பாங்க்ல கேட்டா, "ஆப்காரங்ககிட்ட கேளுங்க"ன்னு சொல்றாங்க. ஆப்தான் போன்லயே இல்லையே, யாரைப் போய்க் கேட்க?

உங்களை அப்படித் திருப்பி அனுப்பியவர் மேல்தான் எனக்கு முதல் கோபம். நிறுத்தும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது, அதைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் கொட்டை எழுத்தில் "ரூ.1". அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான எழுத்தில் மூன்று விஷயங்கள்: அதிகபட்சத் தொகை ரூ.299, மாதம் ஒருமுறை, 2055 வரை. நீங்கள் போட்ட யுபிஐ பின் அந்த ஒரு ரூபாய்க்கு மட்டுமல்ல, இந்த மூன்று வரிகளுக்கும் சேர்த்துத்தான். அன்றைக்கு நீங்கள் கொடுத்தது ஆட்டோபே அனுமதி, அதாவது தானாகவே பணம் பிடித்துக்கொள்ளும் அனுமதி. அதை வாங்கியது ஆப், வைத்திருப்பது உங்கள் வங்கிக் கணக்கு. பால்காரரிடம் சொல்லாமல் ஊருக்குப் போனால் பாக்கெட் வாசலில் விழுந்துகொண்டேதானே இருக்கும், அது மாதிரிதான். ஆப்பை போனிலிருந்து அழித்தது கணக்குக்குத் தெரியாது.

இனி செய்ய வேண்டியது. எந்த யுபிஐ ஆப்பில் அந்த ஒரு ரூபாயைக் கட்டினீர்களோ, அதைத் திறந்து, மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொடுங்கள். கூகுள் பே, போன்பே, பேடிஎம் எதுவானாலும் உள்ளே "ஆட்டோபே" என்று ஓர் இடம் இருக்கும். அதில் கார்ட்டூன் ஆப்பின் பெயரைத் தேடுங்கள். அந்தப் பெயர் இல்லாமல் அதை நடத்தும் கம்பெனியின் பெயரோ, நடுவில் பணம் வாங்கிக் கொடுக்கும் கம்பெனியின் பெயரோ இருக்கலாம். குழப்பமாக இருந்தால் 299 என்ற தொகையை வைத்துப் பிடியுங்கள். தொட்டால் கேன்சல் இருக்கும். அழுத்தியதும் பெரும்பாலும் பின் கேட்கும். "பணத்தை நிறுத்தப் போய் எதுக்கு பின்?" என்று பயந்து பாதியில் திரும்பி வந்துவிடுபவர்கள் நிறையப் பேர். இந்த இடத்தில் பின் போடுவது நீங்கள்தான் ரத்து செய்கிறீர்கள் என்பதை உறுதிசெய்ய. பணம் போகாது.

பக்கத்திலேயே "பாஸ்" (Pause) என்று ஒரு பட்டனும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அது தற்காலிக நிறுத்தம்தான், நீங்கள் கொடுக்கும் தேதி முடிந்ததும் மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிடும். போனில் இரண்டு மூன்று யுபிஐ ஆப் வைத்திருந்தால் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். பேரன் எதில் கட்டச் சொன்னானோ, யார் கண்டது!

போன பணம்? அந்த ஆப்பின் ஈமெயிலுக்கு எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போடுங்கள். நிறுத்தும் வழியை ஒளித்துவைத்துப் பணம் பிடிப்பதற்கு "சந்தாப் பொறி" என்று பெயர் கொடுத்து, 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். ஏமாற்று வடிவமைப்புகள் என்று மொத்தம் 13 வகை அதில் உண்டு. "வேண்டாம், எனக்குப் பணம் சேமிப்பதில் ஆர்வமில்லை" என்று நம் வாயாலேயே சொல்லவைக்கும் பட்டன்களும் அதில் ஒரு வகை. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: நீங்களே பின் போட்டிருப்பதால் எல்லா மாதப் பணமும் திரும்ப வரும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். கடைசி ஒரு மாதத்துடையது கிடைத்தாலே நல்லது. முதலில் குழாயை மூடுங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

இன்னொன்று. ஒவ்வொரு முறை பிடிப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கும் வந்திருக்கும். நகைக்கடை ஆஃபருக்கும் லோன் விளம்பரத்துக்கும் நடுவில், இங்கிலீஷில். இன்று சாயங்காலம் எஸ்எம்எஸ் பெட்டியில் "மேன்டேட்" (mandate, இந்த அனுமதிக்கு வங்கி வைத்திருக்கும் பெயர்) என்ற சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் போட்டுத் தேடிப் பாருங்கள். 15,000 ரூபாய் வரையிலான சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபியோ பின்னோ கேட்க மாட்டார்கள் என்பதால் அந்த ஒரு எஸ்எம்எஸ்தான் நமக்கிருக்கும் ஒரே எச்சரிக்கை.

திருப்பூர் வாசகர்: ஆட்டோபே பிடிக்கிற தேதிக்கு முந்தின நாளே அக்கவுன்ட்டைத் துடைச்சு வேற அக்கவுன்ட்டுக்கு மாத்திடுறேன். இது நல்ல ஐடியாதானே?

இல்லை தம்பி. யுபிஐ ஆட்டோபே ஒரு தடவை தோற்றால் மேலும் மூன்று தடவை முயலும். 2025 ஆகஸ்ட் முதல் நெரிசல் இல்லாத நேரத்தில்தான் பிடிக்கிறார்கள்: காலை 10 மணிக்கு முன், பகல் 1 முதல் 5 வரை, இரவு ஒன்பதரைக்குப் பின். ராத்திரி பத்து மணிக்கு யாராவது பார்ட்டி உங்களுக்குப் பணம் அனுப்பி வைத்தால் அது நேரே சந்தாவுக்குப் போய்விடும். ஒளிந்து விளையாடுவதற்குப் பதில் கேன்சல் செய்துவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது வேறு. அதே அக்கவுன்ட்டில்தான் தறி லோன் தவணையும் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தவணை பிடிக்க வரும்போது பணம் இல்லாவிட்டால் வங்கி அபராதம் போடும், அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் அடிவாங்கும், கடன் கொடுத்தவர் நினைத்தால் செக் பவுன்ஸ் மாதிரியே கேஸும் போடலாம். 2007-ஆம் ஆண்டு பட்டுவாடா முறைகள் சட்டத்தில் 25-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. ஆட்டோபே பட்டியலை ஒழுங்குபடுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். இன்சூரன்ஸ் பிரீமியம், எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் பணம்), லோன் தவணை எல்லாம் ஓடிடி சந்தாக்களோடு ஒரே பட்டியலில் கலந்து நிற்கலாம். வேகத்தில் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளி, பாலிசி காலாவதியாகி வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதத் தவணை ஆயுள் பாலிசிக்கு 15 நாள்தான் அவகாசம்.

கோவில்பட்டி வாசகி: அம்மாகிட்ட பட்டன் போன்தான். ரீசார்ஜ் பண்ணின காசு தானா குறையுது. ஏதோ பாட்டு, ராசிபலன்னு போட்டுவிட்டிருக்காங்க போல.

அம்மா போனிலிருந்தே 155223-க்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது. எந்த கம்பெனி சிம்மானாலும் காலர் ட்யூன், ஜோசியம், ஜோக் போன்ற கூடுதல் சேவைகளை நிறுத்துவதற்கான எண் அது. இரண்டாவது முறை சம்மதம் கேட்காமல் இவற்றை ஆரம்பிக்கவே கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவு. ஆனால் "ஒன்றை அழுத்துங்கள்" என்று வந்தால் அம்மா அழுத்திவிடுவார். என் மாமியாரும் அப்படித்தான், போனில் யாரோ மரியாதையாகப் பேசுகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் "சரிங்க" சொல்வார்.

அம்பத்தூர் வாசகர்: கூகுளில் 100 ஜிபி இடத்துக்கு மாதம் 130 ரூபாய் கிரெடிட் கார்டில் போகிறது. நிறுத்தினால் குழந்தைகளின் போட்டோக்கள் அழிந்துவிடுமா? கார்டையே பிளாக் செய்துவிட்டால் என்ன?

உடனே அழியாது. கட்டிய காலம் முடியும்வரை 100 ஜிபி இருக்கும், பிறகு இலவச 15 ஜிபிக்கு இறங்கும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அந்த 15-ஐப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் நீங்கள் வைத்திருந்தால் புதிதாக எதுவும் ஏறாது, ஜிமெயிலுக்கு வரும் கடிதங்களும் நின்றுவிடும். மேற்கொண்டு இரண்டு வருடம் அப்படியே கிடந்தால் இருப்பதையும் அழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே முதலில் போட்டோக்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் இறக்குங்கள், நாலைந்தைத் திறந்து பார்த்துச் சரிபாருங்கள், அதன் பிறகு நிறுத்துங்கள். இல்லை, இந்த 130 ரூபாய் நியாயமான செலவுதான் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். பயன்படுகிற சந்தாவை நிறுத்தச் சொல்லி யாரும் உங்களைத் துரத்தவில்லை.

கார்டை பிளாக் செய்வது மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தும் வேலை. மின்கட்டணம் முதல் எல்லாம் நின்றுபோகும். ஆண்ட்ராய்டில் வாங்கியதை பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, "பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்" பகுதியில் நிறுத்தலாம். ஐபோனில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இருக்கும். அங்கே இலவச ட்ரயலை நிறுத்துவதானால் அது முடிய ஒரு நாளாவது இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். இணையதளத்தில் நேரடியாகக் கார்டு எண் கொடுத்துச் சேர்ந்தவை இந்த இரண்டு இடத்திலும் தெரியாது. அவற்றை வங்கியின் ஆப்பிலோ நெட்பேங்கிங்கிலோ "இ-மேன்டேட்" அல்லது "ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்ற தலைப்பில் தேடுங்கள். பல வங்கிகள் எஸ்ஐ ஹப் என்ற தளத்துக்குக் கூட்டிப் போகும். எப்போது வேண்டுமானாலும் ஆன்லைனில் ரத்து செய்யும் வசதியை வங்கி தந்தே ஆக வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. எழுதிக் கொடுத்தும் 30 நாளில் தீர்வு வராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

டாலரில் பிடிக்கும் வெளிநாட்டுச் சந்தா ஏதாவது இருந்தால், வங்கி ஆப்பில் கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். வெளிநாடு போகும்போது போட்டுக்கொண்டால் போதும்.

நாகர்கோவில் வாசகர்: அப்பா இரண்டு மாதம் முன்பு காலமாகிவிட்டார். அவர் கணக்கிலிருந்து பேப்பர் ஆப், ஒரு பக்திப் பாடல் ஆப் என்று இன்னும் பணம் போகிறது. அவர் போனும் பின்னும் எங்களுக்குத் தெரியும். நாங்களே நிறுத்திவிடலாமா?

உங்கள் இழப்புக்கு என் அனுதாபங்கள். பின் தெரிந்தாலும் போடாதீர்கள். கணக்குக்காரர் இறந்த பின் அவர் பின்னை யார் போட்டாலும் முறையல்ல. நாளைக்கு உடன்பிறந்தவர்களுக்குள் ஒரு பேச்சு வந்தால், "யார் போட்டது, எதற்குப் போட்டது" என்று கேள்வி கிளம்பும். கவுன்ட்டரில் அந்தச் சண்டைகளை நிறையக் கேட்டிருக்கிறேன், நூறு ரூபாய்க்குக்கூட.

இறப்புச் சான்றிதழ் நகலோடு கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தகவல் பதிவானதும் கணக்கிலிருந்து பணம் வெளியே போவது நிற்கும், ஆட்டோபே உட்பட. நாமினி இருந்தால், காகிதங்கள் சரியாக இருக்கும் பட்சத்தில் 15 நாளுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் போவதற்கு முன் கடந்த ஒரு வருட ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம் தென்பட்டால், உங்களுக்கே தெரியாத ஒரு பாலிசி அப்பா பெயரில் இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் சிம்மை மட்டும் இப்போதைக்கு ஒப்படைக்க வேண்டாம். சிறிய ரீசார்ஜ் போட்டு உயிரோடு வையுங்கள். பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண் 90 நாளில் போய்விடக்கூடும். வரும் எஸ்எம்எஸ்களைப் பார்த்தாலே இன்னும் யார் யார் பணம் கேட்கிறார்கள் என்று தெரியும்.

விருதுநகர் வாசகர்: சந்தாவை நிறுத்த கஸ்டமர் கேர் நம்பரைத் தேடிக் கூப்பிட்டேன். "ரீஃபண்ட் தர்றோம், ஒரு ஆப் இறக்குங்க, ஸ்க்ரீனைக் காட்டுங்க" என்றார்கள். பயந்து வைத்துவிட்டேன். சரியா?

நூற்றுக்கு நூறு சரி. தேடினால் முதலில் வரும் நம்பர்களில் சில திருடர்கள் போட்டு வைத்தவையாக இருக்கலாம். நம்பரை அந்த ஆப்பின் உள்ளே இருந்தோ, கார்டின் பின்பக்கத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். ஸ்க்ரீனைக் காட்டியிருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போட்டிருக்க வேண்டியிருக்கும்.

தஞ்சாவூர் வாசகி: வீட்டுக்காரர் நாலு ஓடிடி வச்சிருக்கார். பார்க்கிறது கிரிக்கெட் மட்டும்தான். "வருஷச் சந்தாதான் லாபம்"னு ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கிறார். என்ன சொல்லித் திருத்த?

திருத்த நான் பொறுப்பல்ல அம்மா, கணக்கு மட்டும் சொல்கிறேன். பன்னிரண்டு மாதமும் பார்ப்பவருக்குத்தான் வருடச் சந்தா லாபம். ஐபிஎல்லுக்கு இரண்டு மாதம் வாங்கினால் போதும். வாங்கிய அன்றைக்கே ஆட்டோபேயைக் கேன்சல் செய்துவிடலாம். கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலும் படம் ஓடும். இலவச ட்ரயல்தான் சில இடங்களில் கேன்சல் செய்த நொடியே அணைந்துவிடும். மீதி மூன்று ஓடிடியிலும் கடைசியாக என்ன பார்த்தார் என்று அவர் கண்ணெதிரிலேயே திறந்து பாருங்கள். உங்கள் சீரியல் ஏதாவது அதில் தட்டுப்பட்டால் அந்த ஒன்றைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.