வேலை போன வீடு, பள்ளிக்குப் போகும் பிள்ளை: வாசகர் கேள்வி – பதில்

சென்னையிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர்களை நீக்கிவிட்டோம்.

கேள்வி: என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் ஆறு வருடம் மெஷின் ஆபரேட்டர். மாதம் 15,000 ரூபாய். ஆர்டர் இல்லை, இனி வரவேண்டாம் என்கிறார்கள். "ராஜினாமா எழுதிக் கொடுத்தால் செட்டில்மென்ட் சீக்கிரம் முடியும்" என்கிறார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. பையன் நாலாம் வகுப்பு, பெண்ணுக்கு மூன்று வயது. முதலில் எதைச் செய்வது? (அம்பத்தூர் வாசகி)

ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு தாளால் இரண்டு வரவுகள் அடிபடும்.

ஒன்று, ஆட்குறைப்பு இழப்பீடு. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை வேலையில்லை என்று நிறுத்தினால், ஒரு மாத முன்னறிவிப்பு தரவேண்டும். இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம். அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். உங்கள் கணவருக்குச் சராசரியாகக் கணக்கிட்டால் 45,000 ரூபாயும் முன்னறிவிப்புக்கு 15,000 ரூபாயும் வரும். தானாக விலகினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இதைக் கேட்க வழி மிகவும் குறுகிவிடும்.

இரண்டாவது, இ.எஸ்.ஐ.யின் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். வேலை போனவருக்கு வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை, சராசரி தினக் கூலியில் பாதியைத் தருகிறார்கள். கடைசி இரண்டாண்டு மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். 15,000 ரூபாய்க்காரருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 246 ரூபாய், 90 நாளுக்கு 22,000 ரூபாய். இரண்டாண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்; அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றிலும் 78 நாள் வேண்டும். தானாக விலகியவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. இ.எஸ்.ஐ. இணையதளத்தில் விண்ணப்பித்து, அச்சிட்ட படிவத்தை ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றோடு கிளை அலுவலகத்தில் தரவேண்டும். காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் இது என்பதால், அலைவதற்கு முன் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்டில்மென்ட் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பணிக்கொடையைத்தான். ஐந்தாண்டு முடித்தவருக்கு அது எப்படி விலகினாலும் உண்டு. அதைக் காட்டிக் கையெழுத்து கேட்பது வெறும் மிரட்டல். கணக்கு எளிது: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்குங்கள். அந்தத் தொகை 10,000 என்றால் ஆறாண்டுக்குச் சுமார் 34,600 ரூபாய்.

கம்பெனி மறுத்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, "நாளைக்கு வரவேண்டாம்" என்று வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் இன்றே நகல் எடுத்து வையுங்கள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால், "இந்தத் தேதியில் வேலை தர மறுத்தீர்கள், நான் வேலைக்குத் தயார்" என்று பதிவுத் தபாலில் கணவரே எழுதட்டும். பிறகு யாரும் "அவராக வரவில்லை" என்று சொல்ல முடியாது.

இ.எஸ்.ஐ. மருத்துவம் வேலை போன அன்றே நின்றுவிடும் என்று பலர் கார்டைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அது தவறு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். ஜூலையில் வேலை போயிருந்து, ஏப்ரலிலிருந்து 78 நாள் கட்டியிருந்தால், அடுத்த ஜூன் வரை பிள்ளைகளுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பார்க்கலாம்.

பி.எஃப்பில் முக்கால் பங்கு வரை எடுக்கலாம். விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: ஆதாரிலும் பி.எஃப்பிலும் பெயர் அல்லது பிறந்த தேதி ஒத்துப்போகாதது, வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படாதது, வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியாதது. கடைசியைக் கம்பெனி செய்யாவிட்டால், கடைசிச் சந்தா கட்டிய இரண்டு மாதத்துக்குப் பின் உறுப்பினர் பக்கத்தில் "மார்க் எக்ஸிட்" என்பதில் கணவரே பதியலாம். ஓய்வூதியப் பங்கை மட்டும் உருவ வேண்டாம். ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டு சேவைக்கு இன்னும் நாலு வருடம்தான் குறைவு. திட்டச் சான்றிதழ் (ஸ்கீம் சர்டிஃபிகேட்) வாங்கி வைத்தால் அடுத்த வேலையோடு சேர்ந்துகொள்ளும்.

மூன்று வயதுப் பெண்ணை நாளைக்கே பக்கத்து அங்கன்வாடியில் சேருங்கள். மதியச் சாப்பாடு, முட்டை, முன்பருவக் கல்வி மூன்றும் அங்கே உண்டு. இதற்கு வருமானச் சான்று எதுவும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு பிள்ளைகள் தனியார் பள்ளியில், ஐந்தாவதும் எட்டாவதும். கட்டணம் 18,000 ரூபாய் பாக்கி. மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றலாம் என்றால், பாக்கி கட்டாமல் டி.சி. தரமாட்டோம் என்கிறார்கள். பிள்ளைகள் மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறார்கள். (வில்லிவாக்கம் வாசகர்)

டி.சி.க்காகக் காத்திருக்க வேண்டாம், நேராக மாநகராட்சிப் பள்ளிக்குப் போங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பது சேர்க்கையை மறுக்கக் காரணம் ஆகாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான். உங்கள் பிள்ளைகள் இருவரும் அதற்குள் வருகிறார்கள். கட்டண பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கக் கூடாது, பாக்கியை அதில் குறிப்பிடவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. பாக்கியைக் கேட்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழிகள் உண்டு.

நடைமுறையில் சிக்கல் தாளில் இல்லை, மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் இருக்கிறது. பழைய பள்ளி அந்தக் கணினிப் பதிவிலிருந்து பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பக்கம் எடுத்துக்கொள்ள முடியும். விடுவிக்காமல் இழுத்தால் புதிய பள்ளியின் தலைமையாசிரியர் "எமிஸில் வரவில்லையே" என்று கையை விரிப்பார். அதற்குப் பிள்ளையின் எமிஸ் எண், ஆதார் நகல், பழைய பள்ளிக்கு நீங்கள் எழுதிய டி.சி. விண்ணப்ப நகல் (தேதியோடு, முடிந்தால் பெற்றுக்கொண்ட முத்திரையோடு) மூன்றையும் இணைத்து, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள். 14417 கல்வி உதவி எண்ணிலும் பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எமிஸ் சரியாகும் வரை பிள்ளைகள் வகுப்பில் உட்காரட்டும். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

இளையவரை இந்த ஆண்டே மாற்றுவதில் நீங்கள் கேட்காத ஒரு லாபம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஐந்தாவது முடிவதற்குள் வந்துவிட்டால் அந்தக் கதவு திறந்தே இருக்கும். "வேலை கிடைத்ததும் பழைய பள்ளிக்கே மாற்றிவிடலாம்" என்று அடிக்கடி இங்குமங்கும் இழுத்தால் அது கெட்டுவிடும்.

மூத்தவருக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது, உண்மைதான். ஆனால் எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி திறன் படிப்புதவித் தேர்வு தனியார் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிக்குத்தான். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத் தேதி தாண்டுவதற்குள் பள்ளி மாறட்டும்.

வருமானச் சான்று வாங்கும்போது பலர் செய்யும் பிழை, பழைய சம்பளச் சீட்டை இணைப்பது. இ-சேவை மையத்தில் அதைப் பதிவேற்றினால் பழைய வருமானமே சான்றில் ஏறும். வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், கடைசிச் சம்பளம் வந்த தேதி தெரியும் வங்கி அறிக்கை, இப்போதைய வருமானம் பற்றிய சுய உறுதிமொழி ஆகியவற்றை வையுங்கள். வருவாய்த் துறையினர் விசாரிக்க வரும்போது வீட்டில் ஒருவர் இருக்கட்டும்.

கேள்வி: சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கண்ணகி நகருக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுவேலை செய்த வீடுகள் எல்லாம் அங்கே, போக முடியவில்லை. அவருக்கும் வேலை இல்லை. ரேஷன் கார்டு பழைய முகவரியில். ஒன்றரை வயதுப் பையன் எடை ஏறவே மாட்டேன் என்கிறான். (கண்ணகி நகர் வாசகி)

கார்டு பழைய முகவரியில் இருந்தாலும் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இரண்டும் மாதக் கடைசியில் தீர்ந்துபோகும், முதல் பாதியிலேயே போய்விடுங்கள். முகவரி மாற்றத்தையும் பையன் பெயர் சேர்ப்பதையும் இ-சேவையில் ஒரே நடையில் முடியுங்கள். பிள்ளையின் பெயர் கார்டில் இல்லாவிட்டால் அவன் பங்கும் வராது. கார்டு சர்க்கரை அட்டையாக இருந்தால் அரிசி அட்டையாக மாற்ற மண்டல உதவி ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள்.

பையன் விஷயம் அவசரம். அங்கன்வாடியில் மேல்கையின் சுற்றளவைப் பட்டையால் அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 12.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் ஊட்டக் குறைவு, 11.5-க்குக் கீழ் என்றால் கடுமையான குறைவு, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு உடனே போகவேண்டும். பாதங்கள் இரண்டிலும் வீக்கம் தெரிந்தாலும் அப்படியே.

அங்கன்வாடி தரும் இணை உணவுச் சத்துமாவை வீட்டுக்கு வாங்கி வந்து எல்லாரும் பங்கிட்டுக் குடிக்கிறார்கள். பசி அப்படி, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாவு பையனுக்கு மட்டும் அளந்து தந்தது. இன்னொரு தப்பு, கஞ்சியை நீர்க்கக் கரைப்பது. சின்ன வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும், எடை எங்கிருந்து ஏறும்? கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மெல்ல விழும் பதத்தில் கிண்டி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கலக்குங்கள். அந்த ஒரு கரண்டிக்கே சுமார் 45 கலோரி சேரும். ஒரு நாளைக்கு மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டு முறை ஏதாவது. பருப்பு சாதத்தில் முருங்கைக்கீரையை மசித்துப் போடுங்கள். டீயில் பிஸ்கெட் தோய்த்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். அது பசியை அடக்கிச் சாப்பாட்டைத் தள்ளிவிடும், டீ இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது.

பெரியவர்கள் பங்கைப் பிள்ளைக்கு விட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம். பக்கத்தில் அம்மா உணவகம் நடந்தால் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3.

கேள்வி: என் தம்பி பத்தாவது, வயது 15. அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து கல்யாண மண்டபங்களுக்குக் கேட்டரிங் சப்ளைக்குப் போகிறான். இரவு ஒரு மணிக்கு வருகிறான். சட்டப்படி சரியா? (வியாசர்பாடி வாசகர்)

சரியில்லை. 14 முதல் 18 வயதுக்குள்ளானவரை மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. பகலிலும் இடைவேளை உட்பட ஆறு மணி நேரம்தான். 14 வயதுக்குக் கீழ் என்றால் வேலையே கூடாது. வைத்த முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தைச் சொல்லி அவனை நிறுத்துவது கடினம், வீட்டுக்குக் காசு வருகிறதே. கணக்கைச் சொல்லிப் பாருங்கள். பத்தாவது முடித்து அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மேலும் 1,000 ரூபாய் உண்டு. தேர்வு முடியும் வரை, அதாவது இந்த சில மாதங்களுக்கு, இரவு வேலையை விடச் சொல்லுங்கள். தூங்காமல் வகுப்பில் சாய்பவன் அரையாண்டில் தோற்று, அதோடு நின்றுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

கேள்வி: கணவர் விட்டுப் போய் இரண்டு வருடம். வேலை செய்த ஏற்றுமதி கம்பெனியும் மூடிவிட்டது. இரண்டு பெண் குழந்தைகள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணம் தருவார்களாமே? ஹாஸ்டலில் விட்டுவிடலாமா? (புளியந்தோப்பு வாசகி)

வேலைவாய்ப்பு அலுவலக உதவித்தொகை உங்களுக்கு இப்போது பயன்படாது. பதிந்து ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும். பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கே 600 ரூபாய்தான்.

நீங்கள் போகவேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில், கைவிடப்பட்ட தாயோடு வாழும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தந்தைக்கு வேலை இல்லை என்பது மட்டும் இதற்குப் போதாது. கைவிடப்பட்டது, விதவை, பெற்றோரின் கடும் நோய், விபத்தில் முடங்கியது போன்ற நிலைகளுக்கே தருகிறார்கள். கைவிடப்பட்டதற்குச் சான்றுதான் பலருக்குத் தடுக்கும் கல். காவல் நிலையத்தில் அல்லது மகளிர் காவல் நிலையத்தில் முன்பு கொடுத்த புகாரின் ரசீது, ஜீவனாம்ச வழக்கு எண் ஏதேனும் இருந்தால் தேடி எடுங்கள். இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கைவிடப்பட்டவர் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். குழந்தைகளின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் படிப்புச் சான்று, குழந்தையின் பெயரில் உங்களோடு கூட்டு வங்கிக் கணக்கு, வருமானச் சான்று இவை போதும். அனுமதி குழுவின் கூட்டத்தில்தான் கிடைக்கும் என்பதால் நாலைந்து மாதம் இழுக்கலாம்.

ஹாஸ்டலுக்கு அவசரப்படாதீர்கள். பணம் இல்லை என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்பதற்காகவே அந்த 4,000 ரூபாய் வைத்திருக்கிறார்கள். "இலவசமாகப் படிக்க வைக்கிறோம்" என்று யாராவது வெளியூர் விடுதிக்குக் கூப்பிட்டால், அது இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற இல்லமா என்று அதே அலகில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1098-க்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.