கவுன்ட்டி அதிகாரிகளுக்குத் தேர்தல் தேவையா?

கேள்வி: சியாட்டில் பக்கம் பெல்வியூவில் இருக்கிறோம். குடியுரிமை வாங்கி முதல் தடவை ஓட்டுப் போடப்போகிறேன். எங்கள் கிங் கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சொத்து மதிப்பிடும் அசெசர், தேர்தல் இயக்குநர் எல்லாரும் தேர்தலில் நின்று வருகிறார்கள். கவுன்ட்டி போலீஸ் தலைவரான ஷெரீஃப் மட்டும் நியமனம். ஊரில் கலெக்டரையும் எஸ்பியையும் அரசுதானே போடுகிறது? இங்கேயும் எல்லாரையும் நியமித்துவிட்டால் என்ன? அப்படிக் கவுன்ட்டியின் சாசனத்தில் ஒரு திருத்தம் ஓட்டுக்கு வந்தால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: எல்லாப் பதவிக்கும் ஒரே பதில் கிடையாது. ஆளை யார் போடுகிறார்கள் என்பதைவிட, சரியில்லை என்றால் யார் தூக்க முடியும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் கவுன்ட்டியே இதில் முன்னும் பின்னும் போய்வந்த இடம். 1996-ல் ஷெரீஃப் பதவிக்குத் தேர்தல் வேண்டும் என்று மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 2020 நவம்பரில் அதே கவுன்ட்டி மக்கள் மறுபடி நியமனத்துக்கே மாற்றினார்கள். இப்போது கவுன்ட்டியின் நிர்வாகத் தலைவரான எக்ஸிகியூட்டிவ் நியமிக்கிறார், ஒன்பது பேர் கொண்ட கவுன்சில் ஒப்புதல் தருகிறது. போலீஸ் கையில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட ஆண்டு அது. போலீஸைக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. தேர்தலில் வந்த ஷெரீஃபை நடுவில் நீக்குவது லேசில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் அதற்கு முதலில் நீதிமன்றம் குற்றச்சாட்டில் விஷயம் இருக்கிறது என்று ஏற்க வேண்டும், அப்புறம் கையெழுத்து வேட்டை, அதன்பிறகுதான் ஓட்டு. இல்லாவிட்டால் நான்கு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் 911-ஐக் கூப்பிட்டால் வருவது பெல்வியூ நகரப் போலீஸ். ஷெரீஃபின் ஆட்கள் பெரும்பாலும் வேலை செய்வது எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளிலும், சம்மாமிஷ், ஷோர்லைன் மாதிரி ஒப்பந்தம் போட்ட ஊர்களிலும்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு நேரடி ஓட்டு போய்விட்டது என்ற குறை நியாயமானது. ஆனால் தேர்தல் இருந்தபோதும் சொந்தப் போலீஸ் வைத்திருக்கும் சியாட்டில்காரர்களின் ஓட்டுக்குத்தானே பலம் அதிகம்? அதனால் ஷெரீஃப் விஷயத்தில் நான் நியமனத்தின் பக்கம்தான் சாய்வேன்.

தேர்தல் இயக்குநர் கதை நேர் எதிர். 2004 ஆளுநர் தேர்தல் கையெண்ணிக்கையில் 129 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. தவறாக நிராகரித்த ஓட்டுகள் கிங் கவுன்ட்டியில் பின்னால் வெளிப்பட்டு, பெரிய ரகளை. 2008-ல் மக்கள் அந்தப் பதவியைத் தேர்தலுக்குக் கொண்டுவந்தார்கள். 2009 பிப்ரவரியில் நடந்த முதல் தேர்தலில் ஜெயித்தவர், ஏற்கனவே நியமனத்தில் அதே நாற்காலியில் இருந்த ஷெரில் ஹஃப்! ஆள் மாறவில்லையே, என்ன பயன் என்று கேட்கலாம். எக்ஸிகியூட்டிவும் தேர்தலில் நிற்கிறவர். தன் ஓட்டை எண்ணும் அதிகாரியை அவரே வேலையைவிட்டு அனுப்ப முடியும் என்ற நிலைமை ஒழிந்ததே, அது போதும்.

மருத்துவ அறிவு வேண்டிய பதவிக்குத் தேர்தல் எனக்குப் புரியாத விஷயம். கலிபோர்னியாவில் பல கவுன்ட்டிகளில் தேர்தலில் வரும் ஷெரீஃபே மரண விசாரணை அதிகாரி. சான் வாக்கீன் கவுன்ட்டியில் 2017 கடைசியில், ஷெரீஃப் தங்கள் முடிவுகளில் தலையிடுகிறார் என்று சொல்லி பென்னட் ஒமாலு உட்பட இரண்டு தடயவியல் மருத்துவர்கள் விலகினார்கள். ஷெரீஃப் மறுத்தார். அடுத்த ஆண்டே கவுன்ட்டி அந்தப் பொறுப்பைப் பிரித்து மருத்துவரிடம் கொடுக்க முடிவு செய்தது.

அசெசர் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சந்தை மதிப்பில்தான் போட வேண்டும் என்று மாநிலச் சட்டமே கையைக் கட்டியிருக்கிறது. மதிப்பு அதிகம் என்று தோன்றினால் நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். அசெசர் யார் என்பதைவிட அதில்தான் பணம் மிச்சம்.

திருத்தம் ஓட்டுக்கு வந்தால், வீட்டுக்கு வரும் வாக்காளர் கையேட்டில் ஆதரவு, எதிர்ப்பு வாதங்களோடு நிறுத்தாமல் திருத்தத்தின் முழு வாசகத்தையும் படியுங்கள். கவுன்சில் ஒப்புதல் உண்டா, கல்வித் தகுதி சொல்லியிருக்கிறதா, காரணம் காட்டித்தான் நீக்க வேண்டுமா என்று தேடுங்கள். தேர்தல் இயக்குநர், ஆடிட்டர் மாதிரி ஆட்சியில் இருப்பவரையே கண்காணிக்கும் பதவியை நியமனமாக்கி, நீக்குவதற்குக் காரணம் எதுவும் கேட்காத திருத்தமாக இருந்தால், நான் வேண்டாம் என்றுதான் போடுவேன்.